உழுதவன் கணக்குப் பார்த்த கதை



இது சற்று நீளமான பதிவு. ராப் என்றாலே முகம் சுளிக்கும் என் வயதுக்காரர்களும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்று ஒரு பழமொழி உண்டு. கணக்குப் பார்க்காதே, பார்த்தால் மனம் உடைந்துபோகும் என்று உழவனைத் தேற்றுவது போல இருக்கும். ஆனால் உழுதவன் கணக்குப் பார்க்காமல் இருந்தால் யாருக்கு லாபம் என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1989ஆம் ஆண்டில் இருபது வயது இளைஞர் ஒருவர் அந்தக் கணக்கைப் பார்த்தார். அவர் உழுதது நிலத்தை அல்ல, சொல்லை. ஊர் அவரை அறிந்த பெயர் ஐஸ் கியூப். இயற்பெயர் ஓஷே ஜாக்சன்.

அவர் என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவிலிருந்து வெளியேறித் தனிப்பாடகர் ஆனதை, கோபக்கார இளைஞன் ஒருவன் சண்டை போட்டுக்கொண்டு போன கதையாகவே பலரும் சொல்கிறார்கள். நான் படித்த வரையில் அதில் கோபத்தைவிடக் கணக்குத்தான் அதிகம். அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

கூட்டமாகப் பிறந்த கலை

ராப் தனி ஒருவரின் கலையாகப் பிறக்கவில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் ஒரு விருந்து நடந்தது. ஏற்பாடு செய்தவர் சிண்டி என்ற இளம்பெண். பள்ளி திறக்கும் நேரம், புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும், அதற்காக நுழைவுக்கட்டணம் வைத்து நடத்திய விருந்து அது. அவருடைய அண்ணன் கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஆடுவதற்குத் தோதான தாளப் பகுதி வரும்போது, அதை மட்டும் இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி நீட்டினார். ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படுவது அந்த இரவுதான். பள்ளிக்கூடத் துணிக்காக ஒரு கலை பிறந்தது என்பதில் ஆசிரியனான எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

தட்டைச் சுழற்றுபவர் டிஜே. கூட்டத்தை உற்சாகப்படுத்த மைக்கில் பேசுபவர் எம்சி. அந்தப் பேச்சு எதுகை மோனையோடு நீண்டபோது ராப் ஆனது. ஒருவர் வரியை எடுக்க இன்னொருவர் முடிப்பார். ஆடுபவர்கள் தனி, சுவரில் எழுதுபவர்கள் தனி. எல்லாரும் சேர்ந்தால்தான் குழு. ஆகவே ஹிப்ஹாப்பில் குழுவை விட்டுப் போவது வேலை மாறுவது போன்றதல்ல, கூட்டுக்குடும்பத்தில் பாகம் பிரிப்பது போன்றது.

பாகப்பிரிவினை என்றால் சொத்துப் பேச்சு வராமல் இருக்குமா? 1982இல் 'தி மெசேஜ்' பாட்டால் பெரும்புகழ் பெற்ற கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழு அடுத்த ஆண்டே உடைந்தது. பாட்டுக்கு வர வேண்டிய பணம் வரவில்லை என்று ஃப்ளாஷ் தன் இசைத்தட்டு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். ராப் தட்டு விற்கத் தொடங்கிய நான்கைந்து ஆண்டுகளுக்குள் இந்த வழக்கு வந்துவிட்டது.

தட்டச்சு வகுப்பில் பிறந்த முதல் வரி

ஓஷே ஜாக்சன் 1969 ஜூன் 15 அன்று லாஸ் ஏஞ்சலஸின் தென்பகுதியில் பிறந்தார். 'ஐஸ் கியூப்', அதாவது பனிக்கட்டித் துண்டு, என்பது அண்ணன் மிரட்டியதில் வந்த பெயர். ரொம்ப ஆடினால் உன்னைக் குளிர்பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவேன் என்பாராம் அண்ணன். தம்பி அதையே பட்டமாக வைத்துக்கொண்டார்.

அவர் வளர்ந்த காலத்தில் அந்தப் பகுதி நொடித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த சவுத்கேட் நகரில் ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை 1980இல் மூடப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை 1982இல் மூடப்பட்டது. கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றை நடுத்தர வர்க்கத்துக்கு உயர்த்திய சம்பளங்கள் அவை. அவை போன இடத்தில் 'கிராக்' என்னும் மலிவான போதைப்பொருள் வந்தது. அதன் பின்னால் கும்பல் சண்டை, அதன் பின்னால் போலீஸ் வேட்டை. 1988 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் 1,400க்கும் மேற்பட்டவர்களைக் காவல்துறை சுற்றி வளைத்துக் கைது செய்தது. அவர்களில் பெரும்பாலோர் மீது வழக்கே பதியாமல் விட்டுவிட்டார்கள்.

கியூபின் பெற்றோர் உழைத்துப் பிழைத்தவர்கள். மகனை உள்ளூரில் விடாமல், புறநகரில் இருந்த டாஃப்ட் உயர்நிலைப் பள்ளிக்குத் தினமும் பஸ்ஸில் அனுப்பினார்கள். அங்கே ஒன்பதாம் வகுப்பு, தட்டச்சுப் பாட நேரம். பக்கத்திலிருந்த நண்பன், நீ எப்போதாவது ராப் எழுதியிருக்கிறாயா என்று கேட்டான். இல்லை என்றார். ஆளுக்கு ஒன்று எழுதிப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. எழுதி முடித்துப் படித்தபோது கியூபுடையதுதான் நன்றாக இருந்தது. பாடத்தைக் கவனிக்காமல் நோட்டில் வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையை நாம் எத்தனை முறை எழுப்பி நிற்க வைத்திருப்போம்!

பிறகு பேட்டைப் பையன்களோடு சேர்ந்து சின்னக் குழு. அதில் ஒருவருடைய உறவினர் டாக்டர் டிரே. டிரே இசையமைப்பதில் கெட்டிக்காரர். அவருக்குத் தெரிந்தவர் எரிக் ரைட் என்ற ஈஸி ஈ. போதைப்பொருள் விற்ற பணத்தை முதலாகப் போட்டு இசைத்தட்டு நிறுவனம் தொடங்க நினைத்தவர்.

கியூப் ஒரு பாட்டு எழுதினார். நியூயார்க்கிலிருந்து வந்த குழு ஒன்று பாட வேண்டிய பாட்டு. அவர்கள் படித்துப் பார்த்துவிட்டு, இது எங்களுக்கு ஒத்துவராது என்று போய்விட்டார்கள். ஸ்டுடியோவுக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பின் ராப் பாடியிராத ஈஸியையே மைக் முன் நிறுத்தி, வரி வரியாகச் சொல்லிக்கொடுத்துப் பதிவு செய்தார் டிரே. 'பாய்ஸ் இன் த ஹூட்' என்ற அந்தப் பாட்டு 1987இல் வெளிவந்து தெருத் தெருவாகப் பரவியது. எழுதியவர் கியூப், குரல் ஈஸியுடையது, நிறுவனமும் ஈஸியுடையது. பின்னால் வந்த சிக்கல் முழுவதற்கும் விதை இந்த முதல் பாட்டிலேயே இருக்கிறது.

இவ்வளவு நடந்தும், 1987இல் கியூப் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகருக்குப் போய், கட்டட வரைபடம் வரையும் ஓராண்டுப் பட்டயப் படிப்பில் சேர்ந்தார். பாட்டு சோறு போடாவிட்டால் கையில் ஒரு தொழில் வேண்டும் என்ற எண்ணம். பட்டயம் வாங்கிக்கொண்டு 1988இல் திரும்பினார். நானும் பட்டயப் படிப்புக்காரன் என்பதால் சொல்கிறேன், அளவுகோலைப் பிடித்துப் பழகியவனுக்கு அளவு தப்பினால் கண்ணில் படும்.

ஆறு பேர், ஒரு தட்டு

என்.டபிள்யூ.ஏ. என்பதன் விரிவில், கறுப்பின மக்களை இழிவுபடுத்த வெள்ளையர் வழங்கிய வசைச்சொல் ஒன்று இருக்கிறது. அதைத் தாங்களே எடுத்துப் பெயராக வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' தட்டின் அட்டையில் ஆறு பேர் நம்மைக் குனிந்து பார்க்கிறார்கள். ஈஸி ஈ, டாக்டர் டிரே, ஐஸ் கியூப், எம்சி ரென், டிஜே யெல்லா, அரேபியன் பிரின்ஸ். இவர்களில் அரேபியன் பிரின்ஸ் பணக் கணக்கு ஒத்துவராமல் விரைவிலேயே விலகிவிட்டார். கணக்குக் கேட்டு முதலில் போனவர் கியூப் அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

அந்தப் பாட்டுகளை வானொலிகள் ஒலிபரப்பத் தயங்கின. தலைப்புப் பாட்டின் காணொளியை எம்டிவி ஒளிபரப்ப மறுத்தது. ஆனாலும் 1989 ஜூலைக்குள் பத்து லட்சம் பிரதிகள் என்ற எல்லையைத் தட்டு தாண்டியது. காவல்துறையை நேருக்கு நேர் வசைபாடிய ஒரு பாட்டுக்காக, எஃப்.பி.ஐ.யின் உதவி இயக்குநர் மில்ட் ஆலரிச் அந்த ஆகஸ்ட் மாதம் விநியோக நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். ஒரு மத்தியப் புலனாய்வு அமைப்பு இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அந்த வரிகள் உறைத்திருக்கின்றன.

அந்த வரிகளை எழுதியது யார்? பெரும்பகுதி கியூபும் ரென்னும். டி.ஓ.சி. என்ற டெக்சாஸ் இளைஞரும் கை கொடுத்தார். ஈஸியின் வாயிலிருந்து வந்த வரிகளையும் இவர்கள்தான் எழுதினார்கள். இதே காலத்தில் ஈஸியின் பெயரில் தனித் தட்டு ஒன்றும் வந்து நன்றாக விற்றது. அதற்கும் கியூப் எழுதினார்.

இங்கே பணம் எப்படிப் பிரியும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பாட்டு விற்றால் அதை எழுதியவருக்கு ஒரு பங்கு, பாடியவருக்கு ஒரு பங்கு. ஒலிப்பதிவுக்கு உரிமையாளரான நிறுவனத்துக்குப் பெரும் பங்கு. கச்சேரிச் சுற்றுப்பயணப் பணம் தனி, அதில் மேலாளரின் தரகு முதலில் கழியும். ஈஸி நிறுவன முதலாளியாகவும் பாடகராகவும் இரண்டு வழியில் சம்பாதித்தார். ஜெரி ஹெல்லர் என்ற மேலாளர், நிறுவனத்தில் ஈஸியின் கூட்டாளியாகவும் குழுவின் மேலாளராகவும் இருந்தார். ஹெல்லர் நாற்பத்தாறு வயதில் ஈஸியோடு சேர்ந்தவர். எல்டன் ஜான், பிங்க் ஃப்ளாய்ட் போன்றோரின் அமெரிக்கக் கச்சேரிகளை நடத்திய அனுபவசாலி. எதிரே இருந்தவர்களோ இருபதை ஒட்டிய பையன்கள். பலருக்கு வங்கிக் கணக்கே புதிது.

ஒரு காகிதம், ஒரு காசோலை

1989இல் குழு ஊர் ஊராகச் சுற்றியது. அரங்குகள் நிறைந்தன. அந்தப் பயணத்தின்போது ஹெல்லர் ஆளுக்கு ஓர் ஒப்பந்தத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் 75,000 டாலர் காசோலை உடனே கிடைக்கும். வீட்டில் பழைய கார் நிற்கும் பையன்கள் முன் 75,000 டாலர்! மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கியூப், என் வழக்கறிஞர் படித்துப் பார்க்காமல் போட மாட்டேன் என்றார்.

நம் பள்ளிகளில் "கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது" என்று விளையாட்டாகச் சொல்வோம். கையெழுத்து என்றால் எழுதும் அழகும்தான், ஒப்பமும்தான். கியூபின் எழுத்து அழகாக இருந்தது. ஒப்பம் போடாமல் கையை மடக்கிக்கொண்டதால்தான் அவருடைய தலையெழுத்து மாறியது.

கணக்கைப் பார்த்தார். அவர் அப்போது வெளியில் சொன்னது இது. சுற்றுப்பயண வசூல் 6,50,000 டாலர். ஹெல்லருக்குப் போனது 1,30,000. தனக்கு வந்தது 23,000. லட்சக்கணக்கில் விற்ற தட்டுக்காகக் கையில் கிடைத்தது 32,000.

வகுத்துப் பாருங்கள். ஹெல்லருக்கு நூற்றுக்கு இருபது. பாடி ஆடியவருக்கு நூற்றுக்கு நான்குகூட இல்லை. வசூலில் போக்குவரத்து, மேடை, ஆள்கூலி என்று செலவுகள் கழியும் என்பதும், மிச்சம் ஐந்தாறு பேருக்குப் பிரியும் என்பதும் உண்மை. மேலாளருக்கு இருபது விழுக்காடு தருவதும் அந்தத் தொழிலில் கேள்விப்படாததல்ல. ஆனால் அந்த மேலாளரே நிறுவனத்தின் பக்கமும் இருக்கிறார் என்றால், குழுவுக்காகப் பேரம் பேசுபவர் யார்? கியூப் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். தாம் யாரையும் ஏமாற்றவில்லை என்று ஹெல்லர் கடைசிவரை மறுத்தார், 2006இல் வந்த தம் நினைவு நூலிலும் மறுத்தார். விவகாரம் வழக்காகி, பின்பு நீதிமன்றத்துக்கு வெளியே சமாதானமாக முடிந்தது. ஆகவே தீர்ப்புச் சொல்ல நமக்கு இடமில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

1989 டிசம்பரில் கியூப் குழுவை விட்டு வெளியேறினார். நாட்டில் மிக அதிகம் பேசப்பட்ட ராப் குழு அது. வெளியே வந்தபோதும் அவர் வசித்தது பெற்றோர் வீட்டில்தான்.

தனியாகப் போனவர் தனியாகப் போகவில்லை

அவருக்கு இருந்த பெரிய பயம் இசை. டிரேயின் இசை இல்லாமல் தன் வரிகள் நிற்குமா? தன் தனித் தட்டுக்கு டிரேயே இசையமைக்க வேண்டும் என்றுதான் கியூப் விரும்பினார், டிரேக்கும் சம்மதம். நிறுவனம் அனுமதிக்கவில்லை.

நாட்டின் மறுகோடியான நியூயார்க்குக்குப் போனார். வேறொரு இசையமைப்பாளரைச் சந்திக்க டெஃப் ஜாம் நிறுவன அலுவலகத்தில் காத்திருந்தார். அவர் வரவில்லை. வந்தவர் பப்ளிக் எனிமி குழுவின் சக் டி. இன்று ஒரு பாட்டுப் பதிவு செய்கிறோம், நீயும் வந்து ஒரு சரணம் பாடு என்று அழைத்துப் போனார். அங்கே அறிமுகம் ஆனவர்கள்தான் 'பாம் ஸ்குவாட்' என்ற இசையமைப்பாளர் குழு. ஹேங்க் ஷாக்லி அதன் தலைவர்.

இதன் பொருளை இசை தெரியாதவர்களுக்கும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்க ராப்பில் கிழக்குக் கரை, மேற்குக் கரை என்ற பிரிவு அழுத்தமாக இருந்தது. நியூயார்க்காரர்கள் தங்களைத்தான் மூலவர் என்று நினைத்தார்கள். மேற்கிலிருந்து வந்தவர்களை உற்சவராகக்கூட மதிக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் போய், அங்குள்ள தலைசிறந்த இசைக்காரர்களின் கீழே ஒரு லாஸ் ஏஞ்சலஸ் பையன் வேலை கற்றுக்கொண்டார். நோட்டுப் புத்தகங்களைக் கையோடு கொண்டு போயிருந்தார். ஈஸியின் அடுத்த தட்டுக்கென்று எழுதி வைத்திருந்த வரிகளும் அவற்றில் இருந்தன. இப்போது அவற்றைத் தன் குரலிலேயே பாடினார்.

1990 மே 16 அன்று 'அமெரிக்காஸ் மோஸ்ட் வான்டட்' வெளிவந்தது. ஆங்கிலத்தில் அமெரிக்கா என்ற சொல்லில் ஒரு 'சி' வருமல்லவா, அந்த இடத்தில் மூன்று 'கே' போட்டிருந்தார். கறுப்பினத்தவரைக் கொன்று தொங்கவிட்ட கூ க்ளக்ஸ் க்ளான் அமைப்பின் மூன்று எழுத்துகள் அவை. ஒரே ஓர் எழுத்துப்பிழையில் ஒரு நாட்டின் வரலாற்றைச் சொல்லிவிட்டார். நான் திருத்தியிருந்தால் சிவப்பு மையைக் கீழே வைத்திருப்பேன்.

இரண்டே வாரத்தில் ஐந்து லட்சம், சில மாதங்களில் பத்து லட்சம் பிரதிகள் என்ற அளவை அந்தத் தட்டு எட்டியது. குழுவில் இருந்தபோது எழுதியதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு தெரிகிறது. அங்கே வம்பு அதிகம், ஏன் என்ற கேள்வி குறைவு. இங்கே வம்பு குறையவில்லை, கேள்வி சேர்ந்திருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. பெண்களை இழிவாகப் பாடுகிறார் என்ற குற்றச்சாட்டு அவர் மீது இருந்தது, அது நியாயமான குற்றச்சாட்டுதான். இந்தத் தட்டில் யோ-யோ என்ற இளம்பெண்ணை அழைத்து, ஒரு பாட்டு முழுக்கத் தன்னோடு எதிர்வாதம் செய்ய வைத்தார். அடுத்த ஆண்டு யோ-யோவின் முதல் தட்டைத் தானே முன்னின்று தயாரித்தார். குற்றச்சாட்டு அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் பதில் சொல்லும் இடத்தையாவது கொடுத்தார்.

இந்த முதல் தட்டில் பழைய நண்பர்களை அவர் திட்டவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திட்டைத் தொடங்கியவர்கள் மற்றவர்கள்தான். அந்த ஆகஸ்டில் வந்த தங்கள் தட்டில் அவரைப் 'பெனடிக்ட் அர்னால்ட்' என்றார்கள். அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்த தளபதியின் பெயர் அது. நாம் எட்டப்பன் என்போமே, அதற்கு இணையான வசை.

யார் துரோகி?

துரோகி என்று சொன்னவர்களுக்கு என்ன ஆயிற்று? கியூப் இல்லாமல் அவர்கள் வெளியிட்ட அடுத்த முழுத்தட்டு 1991இல் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கே போனது. ஆனால் அதே ஆண்டில் டிரேயும் கணக்குக் கேட்டு வெளியேறினார். கியூப் எழுப்பிய கேள்விதான், கேட்டவர் மட்டும் வேறு. குழு கலைந்தது. துரோகம்தான் காரணம் என்றால் ஒருவரோடு நின்றிருக்க வேண்டும். அரேபியன் பிரின்ஸ், கியூப், டிரே என்று ஒவ்வொருவராக ஒரே வாசல் வழியாக வெளியேறினால், பழுது போனவர்களிடம் மட்டும் இருந்திருக்க முடியாது.

கியூபுக்கு 1991 பெரிய ஆண்டு. ஜான் சிங்கிள்டன் என்ற இளைஞரின் முதல் படத்தில் முக்கிய வேடம் கிடைத்தது. படத்தின் பெயர் 'பாய்ஸ் இன் த ஹூட்'. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஈஸியின் குரலுக்காகத் தான் எழுதிக் கொடுத்த பாட்டின் பெயர், இப்போது தன் முகத்தோடு சுவரொட்டியில் நின்றது. சிங்கிள்டன் அந்தப் படத்துக்காகச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கார் பரிந்துரை பெற்றார். அந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவர்தான். வயது இருபத்து நான்கு.

இதே ஆண்டில்தான் கியூப் பெரிதாகச் சறுக்கினார். அதையும் எழுதாவிட்டால் இது வரலாறு ஆகாது, துதி ஆகிவிடும்.

1991 மார்ச்சில் லதாஷா ஹார்லின்ஸ் என்ற பதினைந்து வயதுச் சிறுமி, 1.79 டாலர் விலையுள்ள ஆரஞ்சுச் சாறு தொடர்பான தகராறில், கொரியக் கடைக்காரப் பெண் ஒருவரால் சுட்டுக்கொல்லப்பட்டாள். கறுப்பின மக்களின் நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலை அக்டோபரில் வந்த 'டெத் சர்டிஃபிகேட்' தட்டில் கியூப் பாட்டாக்கினார். ஆனால் சுட்டவரை விட்டுவிட்டு, கொரியர் அனைவரையும் கூண்டில் ஏற்றி, கடைகளைக் கொளுத்துவோம் என்ற மிரட்டல் வரை போய்விட்டார். அதே தட்டில் பழைய குழுவுக்குப் பதிலடியாக ஒரு பாட்டு. அதில் ஹெல்லரைத் தாக்கும்போது, அவர் யூதர் என்பதையே குற்றமாகச் சொன்னார். கணக்கில் ஏமாற்றினார் என்று ஒரு மனிதரைக் குற்றம் சாட்டலாம். அவர் பிறந்த இனத்தை எப்படிக் குற்றம் சாட்டுவது? தன்னைத் தோல் நிறத்தை வைத்து எடைபோட்டார்கள் என்று கொதித்தவர், அதே தராசைத் தானும் எடுத்தார். பில்போர்டு இதழ் தலையங்கத்திலேயே கண்டித்தது. கொரிய வணிகர் சங்கம் போராடியது. 1992 தொடக்கத்தில் கொரிய வணிகர்களிடம் அவர் வருத்தம் தெரிவித்தார்.

சில வாரங்களில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தது. ராட்னி கிங் என்பவரைச் சாலையில் அடித்து நொறுக்கிய போலீசார் 1992 ஏப்ரல் 29 அன்று விடுவிக்கப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சேதம் நூறு கோடி டாலர் அளவில் மதிப்பிடப்பட்டது. கொரியர் கடைகள் மட்டுமே இரண்டாயிரத்துக்கு மேல் சேதமடைந்தன. பாட்டு கடையைக் கொளுத்தாது என்பது எனக்கும் தெரியும். போலீஸ் பற்றி இவர்கள் மூன்றாண்டுகளுக்கு முன்பே பாடியதை நாடு காதில் போட்டுக்கொண்டிருந்தால், அந்த ஏப்ரல் வராமலே போயிருக்கலாம் என்றும் நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. சொல்லை உழுபவனுக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

அந்த நவம்பரில் வந்த 'தி பிரிடேட்டர்' தட்டு வெளிவந்த வாரமே பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. அதில் உலகம் அதிகம் கேட்ட பாட்டு, வம்பு வழக்கு இல்லாமல், போலீஸ் நிறுத்தாமல், நண்பன் சாகாமல் கழிந்த ஒரு நல்ல நாளைப் பற்றியது. அப்படி ஒரு நாளையே அதிசயமாகப் பாட வேண்டியிருந்தது என்பதை நினைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

மிஞ்சிய உழக்கு

1995இல் கியூப் நண்பரோடு சேர்ந்து எழுதித் தானே நடித்த 'ஃப்ரைடே' என்ற நகைச்சுவைப் படம் வந்தது. சுமார் 35 லட்சம் டாலரில் எடுத்த படம், இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. எழுத்தும் தயாரிப்பும் தன் கையில் இருக்க வேண்டும் என்பதை அவர் 1989க்குப் பிறகு மறக்கவே இல்லை.

அதே 1995 மார்ச் 26 அன்று ஈஸி ஈ எய்ட்ஸ் நோயால் இறந்தார். அதற்குச் சில காலம் முன்பு நியூயார்க்கில் இருவரும் சந்தித்து மனம்விட்டுப் பேசியிருந்தார்கள். பழைய குழுவை மீண்டும் சேர்க்கும் பேச்சும் இருந்தது. காலம் இடம் கொடுக்கவில்லை. கணக்கு வேறு, நட்பு வேறு என்பது இருவருக்குமே தாமதமாகத்தான் தெரிந்தது.

2015இல் இந்தக் கதை முழுவதும் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' என்ற பெயரிலேயே திரைப்படமாக வந்தது. தயாரித்தவர்களில் கியூபும் டிரேயும் உண்டு. கியூபாக நடித்தவர் கியூபின் மகன். உலகம் முழுவதும் இருபது கோடி டாலர் வசூல். அடுத்த ஆண்டு குழுவுக்கு ராக் இசையின் புகழ்க்கூடத்தில் இடம் கிடைத்தது. அந்தப் பழைய தட்டு, பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளுள் ஒன்றாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பட்டியலில் ஏறியது. அரசு கண்டனக் கடிதம் எழுதிய பாட்டுகளை இப்போது அரசு நூலகமே காப்பாற்றுகிறது!

நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது பாடுகிறார்கள், எழுதுகிறார்கள், காணொளி எடுக்கிறார்கள். ஏதாவது ஒரு நிறுவனம் ஒரு நாள் ஒரு காகிதத்தை நீட்டும். பக்கத்திலேயே ஒரு தொகையும் இருக்கும். இங்கே, இங்கே, இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்று விரலால் காட்டுவார்கள். அப்போது பிள்ளை உங்களைத்தான் பார்க்கும். அவசரப்படுத்தாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேட்டு, காகிதத்தை வீட்டுக்கு வாங்கி வந்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, பங்கு எத்தனை, கணக்கை யார் எப்போது காட்டுவார்கள் என்ற நான்கையும் கேட்கச் சொல்லுங்கள். படிக்கக் கூடாது என்று எவராவது சொன்னால், அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதைப் படிக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

 பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.